புரூசெல்லா நோயும் மருந்துணர்திறனும்

ஒரு பற்றீரியா குறித்த மருந்துக்கு உணர்திறனுடையது என்னும்போது நாம் கூறுவது யாது? ஆய்வுகூட ஊடகத்தில் அதன் பெருக்கத்தை அம்மருந்தின் சிறு செறிவே தடுத்துவிடுகிறது என்பதாகும். புரூசெல்லா நோயைப் பொறுத்தவரை இவ்விடை போதுமானதன்று.

1887 இல் மால்ற்றாவில் இறந்த பிரித்தானியப் போர்வீரரின் மண்ணீரலிலிருந்து டேவிட் புரூஸ் இக்கிருமியைப் பிரித்தெடுத்தார். நோயற்றனபோல் தோன்றும் ஆடுகளே அதன் உறைவிடம் என்பதை 1905 இல் மால்ற்றா மருத்துவரான தெமிஸ்தோக்கிளிஸ் சமித் கண்டறிந்தார். 1906 இல் படையினர்க்கு ஆட்டுப்பால் விலக்கப்பட்டதும் முகாம்களில் நோய் சடுதியாகக் குறைந்தது. காய்ச்சாத பாலைத் தொடர்ந்து பருகிய குடிமக்களிடையே அது நீடித்தது. அறிவு ஒன்றே, அதன் பயன் யாரை முதலிற் சென்றடைய வேண்டும் என்பதைக் குடியேற்ற ஆட்சியின் நலனே தீர்மானித்தது.

உடலினுட் புகும் புரூசெல்லா, கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய கலங்களுக்குள்ளேயே குடியேறுகிறது. அங்குள்ள அமிலத்தன்மை வாய்ந்த சிற்றறைகளை எல்லா மருந்துகளும் எட்டுவதில்லை. எட்டுவனவற்றுள்ளும் சில அச்சூழலில் வலுவிழக்கின்றன. ஆய்வுகூடத்தில் வெற்றிபெறும் மருந்து நோயாளியிடத்துத் தோல்வியுறுவது பெரிதும் இதனாலேயே.

எனவே தனி மருந்தன்றிக் கூட்டு மருந்துகளே வழங்கப்படுகின்றன. டொக்சிசைக்கிளினையும் ரிபாம்பிசினையும் ஆறு வாரம் உட்கொள்ளும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986 இல் பரிந்துரைத்தது. ஆறு வார டொக்சிசைக்கிளினுடன் முதல் இரண்டு மூன்று வாரங்கள் ஸ்ரெப்ரோமைசின் ஊசி ஏற்றுவது மற்றொரு முறை. பின்னையதில் நோய் மீளுதல் குறைவு. ஆயின் நாள்தோறும் ஊசியேற்ற அண்மையில் ஒரு மருத்துவ நிலையம் வேண்டும்.

இங்கு ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. நோய் மீண்டோரிடமிருந்து பெறப்படும் கிருமிகள் பெரும்பாலும் அம்மருந்துகளுக்கு முன்போலவே உணர்திறனுடையனவாக உள்ளன. ரிபாம்பிசினுக்கு எதிர்ப்புடைய வகைகளும் சிலவிடங்களிற் கண்டறியப்பட்டுள்ளன. அதே மருந்து காசநோய்க்கும் இன்றியமையாததாகையால் அதன் பயன்பாட்டில் அவதானம் தேவை. எனினும் பெரும்பாலான தோல்விகளைக் கிருமியின் மாற்றத்தால் மட்டும் விளக்கவியலாது. காய்ச்சல் தணிந்ததும் மருந்தை நிறுத்திவிட்டுக் கூலிக்குத் திரும்ப வேண்டிய இடையனின் நிலைமையும் அவற்றுக்குக் காரணமாகலாம்.

இந்நோய் பெரிதும் தாக்குவது மந்தை மேய்ப்போரையும், பாற்பண்ணை, இறைச்சிக்கூடத் தொழிலாளரையுமே. கால்நடைக்குத் தடுப்பூசி, பாலைச் சூடாக்கிக் கிருமிநீக்கல், நோயுற்ற விலங்கை இழக்கும் உழைப்பாளிக்கு நட்டஈடு ஆகியன இல்லாதவிடத்து, மருந்துகள் ஒருவரைக் குணப்படுத்தினும் நோயின் ஊற்று வற்றாது. உணர்திறனைக் கிருமியிடத்து மட்டுமன்றிச் சமூக அமைப்பினிடத்தும் பரிசோதித்தல் வேண்டும்.