வீட்டு மொழிக்கும் வரலாறு உண்டு

கிளியனூரில் பத்தாம் வகுப்புக்கு இரண்டாம் உலகப்போர் பாடம் நடத்தினேன். ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதைச் சொன்னதும் ஒரு மாணவி எழுந்தாள். "அவங்க வீட்டுல என்ன மொழி பேசுவாங்க, சார்?" அவள் நரிக்குறவர் வீட்டுப் பிள்ளை, வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. "வகுப்பில் தமிழிலேயே பேசு" என்று முன்பு அவளை அடக்கியவன் நான்தான்.

மறுநாள் விடையைக் கொச்சியிலிருந்து தொடங்கினேன். கி.பி. 1000 அளவில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெபாலயம் 1568இல் கட்டப்பட்டது. கொச்சி யூதர்கள் வழிபாட்டில் எபிரேயத்தையும், வீட்டில் எபிரேயச் சொற்கள் கலந்த மலையாளத்தையும் பயன்படுத்தினர். திருமணத்திலும் திருவிழாவிலும் பெண்கள் மலையாளப் பாட்டுகள் பாடினர்; அவற்றைக் கையேடுகளில் எழுதிக் காத்தனர். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தக் கையேடுகளும் உடன் சென்றன.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். ரைன் ஆற்றுப் பகுதியில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உருவான இத்திஷ், ஜெர்மானிய மொழி அடிப்படையில் எபிரேய, ஸ்லாவிய சொற்கள் சேர்ந்த மொழி. எழுத்து, எபிரேய எழுத்து. போருக்கு முன் அதைப் பேசியோர் ஒரு கோடிக்கு மேல். நாளிதழ், நாடகம், பள்ளி எல்லாம் அதில் நடந்தன. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் இத்திஷ் பேசியவர்களே. வார்சா யூதச் சேரியில் அடைபட்டிருந்த வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்புளூம், நண்பர்களுடன் மக்களின் அன்றாட வாழ்வை ஆவணங்களாகத் திரட்டினார். அவை தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் மண்ணில் புதைக்கப்பட்டன. போருக்குப் பின் 1946இலும் 1950இலும் அவற்றில் இரு பகுதிகள் கிடைத்தன. 1978இல் இத்திஷ் எழுத்தாளர் ஐசக் பஷேவிஸ் சிங்கர் நோபல் பரிசு பெற்றார்.

"எங்க மொழிக்குச் சொந்தமா எழுத்து இல்லையே, சார்?" என்றாள் மாணவி.

"இத்திஷ் எபிரேய எழுத்தை வாங்கிக்கொண்டது. நீ தமிழ் எழுத்தில் எழுதிப் பாரேன்" என்றேன்.

மறுவாரம் பாட்டியிடம் கேட்டு எழுதிய பத்துச் சொற்களுடன் வந்தாள். பொருளைத் தமிழில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினோம். மற்ற பிள்ளைகள் அவளிடம் உச்சரிப்புக் கேட்டனர்.

நம் வகுப்பிலும் தெலுங்கு, உருது, வாக்ரிபோலி பேசும் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். தமிழை நன்கு கற்பிப்பது நம் கடமை. அதற்காக அவர்கள் வீட்டு மொழியை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டியதில்லை.