ஓட்டமும் உடையும்

திருவொற்றியூர்ப் பகுதியில் உள்ள காலடிப்பேட்டையின் பெயரைக் கேட்போர், அது நடைக்கும் ஓட்டத்திற்கும் உரிய ஊர் போலும் என்று எண்ணுதல் இயல்பே. ஆயின் அப்பெயரின் வரலாறு வேறு. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றி அமைத்த ஊர் அது. காலட் பேட்டை என்பதே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. நெசவுக்கென்று பிறந்த அவ்வூருக்கு 2021 முதல் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. காலடியையும் துணியையும் ஒருங்கே நினைவூட்டும் அவ்வூரை முன்னிட்டு, நெடுந்தூரம் ஓடிப் பழகுவோர்க்கு ஏற்ற உடை எது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இது விளையாட்டுப் பிள்ளைகளின் கவலைதானே என்று உறுப்பினர்கள் கருதலாகாது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடங்களுக்குள் ஓடிமுடித்தல் வேண்டும். நம் இல்லங்களிலும் அதற்காக விடியலில் ஓடிப் பழகும் பிள்ளைகள் இருக்கக்கூடும். பொருந்தாத உடையால் தொடை இடுக்கில் தோல் வழண்டுபோனால் பயிற்சி சில நாட்கள் தடைப்படும். அவ்விழப்பு சிறிதன்று.

முதலில் வியர்வையைக் கவனிப்போம். உடலின் வெப்பத்தைத் தணிப்பது வியர்வை அன்று; அது ஆவியாதலே. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் நீங்கும். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் அப்பயன் இல்லை. இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கரையோரத்தில் காற்றிலேயே ஈரம் மிகுதி. ஆகவே வியர்வை எளிதில் உலர்வதில்லை. உடை நனைந்து கனத்து உடலோடு ஒட்டிக்கொள்கிறது.

இங்கே பருத்தியின் இயல்பை ஒளிவுமறைவின்றிச் சொல்லுதல் நம் கடமை. இயல்பான காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தை ஏற்கிறது. பாலியெஸ்டர் ஏற்பது 0.4 விழுக்காடே. வீட்டிலும் வேலையிலும் பருத்தியை இனிதாக்கும் அக்குணமே, ஒரு மணிக்கு மேற்பட்ட ஓட்டத்தில் சுமையாகிறது. பாலியெஸ்டர் பின்னலாடையிலோ, இழைகளின் இடைவெளி வழியே வியர்வை வெளிப்புறத்தில் பரவி விரைவில் உலர்கிறது. அதற்கும் குறை உண்டு: வியர்வை நாற்றம் அதில் எளிதில் தங்கிவிடும்.

எனினும் இழை எதுவாயினும், அளவு பொருந்தாவிடில் பயனில்லை. ஒரு மீட்டருக்கு ஓர் எட்டு என்று கொண்டால், 10 கிலோமீட்டரில் 10,000 எட்டுகள். ஒவ்வோர் எட்டிலும் தொடை தொடையோடும், கை அக்குளோடும் உராய்கின்றன. தளர்ந்த துணி மடிப்பு விழுந்து அறுக்கும். இறுகிய துணியின் தையல் விளிம்பு தோலில் பதியும். வியர்வை உலர்ந்தபின் எஞ்சும் உப்பு, உராய்வை மேலும் கூர்மையாக்கும். ஆண்களுக்கு நனைந்த பனியன் மார்புக் காம்பில் உராய்ந்து குருதி கசிவதும் உண்டு. பெண்களுக்கு மார்பை அசையாது தாங்கும் உள்ளாடை இன்றியமையாதது. அது மூச்சைத் தடுக்கும் அளவுக்கு இறுகவும் கூடாது.

வாங்குமுன் சோதிக்கும் வழி எளிது. உடையை அணிந்து இரு கைகளையும் உயர்த்துக. சட்டை இடுப்புக்கு மேல் ஏறலாகாது. முழங்காலை இடுப்பளவு தூக்குக. தொடையில் துணி பிடிக்கலாகாது. இடுப்பு நாடா வயிற்றில் தடம் பதிக்கலாகாது. உட்புறத் தையலை விரலால் தடவிப் பார்க்க. அது தட்டையாயிருத்தல் நன்று. புதிய உடையை ஒருமுறை துவைத்து, குறுகிய ஓட்டத்தில் பழக்கிய பின்னரே நெடுந்தூரத்திற்கு அணிக. உராயும் இடங்களில் சிறிது வாசலின் தடவுதலும் நலம்.

பின்னலாடை நீண்டு கொடுப்பது அதன் கண்ணிகளால். பாவும் ஊடையுமாக நெய்த துணி அவ்வாறு கொடுப்பதில்லை. அதில் ஓட்ட உடை தைப்போர் உடலளவுக்கு மேல் தளர்வு விடுவதோடு, அக்குளிலும் தொடை இடுக்கிலும் சிறு துண்டுத் துணியை இணைத்துத் தைத்தல் வேண்டும். பருத்தி பயிரிடும் அன்பர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. நீண்ட இழையில் நூற்ற நூலில் மேலெழும் பிசிறு குறைவு, துணி மழமழப்பாகும். கோயம்புத்தூரில் உருவாகி 1974இல் வெளியிடப்பட்ட சுவின் அத்தகைய மிக நீண்ட இழைப் பருத்தியாகும்.

குறுகிய ஓட்டத்திற்கும் நடைப்பயிற்சிக்கும் மெல்லிய பருத்தி உடை போதும். நெடுந்தூரம் ஓடி முடித்தவன் ஈர உடையைக் களைந்து, கைத்தறித் துண்டால் துவட்டி, உலர்ந்த பருத்திச் சட்டை அணியும் இன்பத்திற்கு ஈடில்லை. அவ்விடத்தில் நம் சரக்குக்கு நிகர் பிறிதில்லை. எல்லாவற்றிற்கும் எம் துணியே ஏற்றது என்று சொல்லி விற்றால் ஒருமுறை விற்கலாம். எதற்கு ஏற்றது என்று உண்மை சொல்லி விற்றால் வாங்கியவர் மீண்டும் வருவார். கூட்டுறவின் முதல் மூலதனம் அந்நம்பிக்கையே அன்றோ!