தொட்டிலை ஆட்டாமல் குழந்தை தூங்குமா?

 

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பது நம் பெரியவர்கள் சொல்லிவைத்த பழமொழி. அதைச் சொல்லிக்கொண்டே மணிக்கணக்கில் தொட்டிலை ஆட்டும் பாட்டிமார்களும் நம்மிடையே உண்டு. இம்முறை அந்தத் தொட்டிலைப் பற்றியே பேசுவோம்.

அண்மையில் சிங்கப்பூர் ஆங் மோ கியோவில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். இன்று அங்கே எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி வீடுகள். ஒரு காலத்தில் அதுவும் ரப்பர் மரங்கள் நின்ற மண்தான். 1973இல்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்கே புதுநகர் கட்டத் தொடங்கியது. அந்த வீட்டுப் பெண் ஜொகூர் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு ஐந்து மாத ஆண் குழந்தை. பேரனைப் பார்த்துக்கொள்ளத் தாயாரும் வந்திருந்தார். கூடத்தில் ஸ்பிரிங் போட்ட சாரோங் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஆட்டுனா தூங்குறான் தம்பி. கைய எடுத்தா முழிச்சுக்கிறான். பகல்ல மூணு தடவ, நாலு தடவ. தோள்பட்டையே எறங்கிப் போச்சு" என்றார் பாட்டி.

மகளின் கவலை வேறு. மூன்று வாரத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தையைக் காப்பகத்தில் விட ஏற்பாடு. சிங்கப்பூரில் இரண்டு மாதக் குழந்தை முதல் சேர்த்துக்கொள்ளும் காப்பகங்கள் உள்ளன. ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது கணக்கு. "அஞ்சு புள்ளைய ஒருத்தவங்க எப்படி மாமா ஆட்டுவாங்க?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி! ஆயாக் கொட்டகையில் வரிசையாகத் தொட்டில் கட்டி, ஒரே ஆயா ஒவ்வொன்றாக ஆட்டிவிட்டுப் போனதை நம்மில் பலர் பார்த்தவர்கள்தானே? 1920களில் பம்பாய் ஆலைகளில் வேலை செய்த தாய்மார்கள், பிள்ளை அழாமல் கிடக்கட்டும் என்று அபின் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். பாசம் இல்லாமலா கொடுத்தார்கள்? பார்த்துக்கொள்ள ஆள் இல்லை! இன்றும் சிலர் இருமல் மருந்தைத் தூக்கத்துக்காகக் கொடுக்கிறார்கள். அது ஆபத்து. வேண்டவே வேண்டாம்.

ஏன் விழித்துக்கொள்கிறது?

நாலு மாதம் முதல் ஒரு வயது வரை, பகலும் இரவும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் தேவை. குழந்தையின் தூக்கம் சிறு சிறு சுற்றாக வரும். ஒரு சுற்று முக்கால் மணி நேர அளவு. சுற்று முடிந்ததும் குழந்தை லேசாக விழிக்கும். ஆட்டத்திலேயே கண் மூடிய குழந்தை, விழித்ததும் அந்த ஆட்டத்தைத் தேடும். இல்லையென்றால் அழும். படுத்த இடத்தில் தானாகக் கண் மூடிய குழந்தையோ மறுபடி தானாகவே தூங்க வாய்ப்பு அதிகம்.

எப்படிப் பழக்குவது?

முதலில் வயது. நாலு மாதத்துக்கு முன் இதை ஆரம்பிக்க வேண்டாம். அதுவரை தூக்குங்கள், தோளில் போட்டுத் தட்டுங்கள், தாலாட்டுப் பாடுங்கள். அதனால் பிள்ளை கெட்டுப்போகாது. குறைமாதக் குழந்தைக்கு, பிறக்க வேண்டிய நாளிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள்.

அடுத்து நேரம். ஐந்து மாதக் குழந்தை விழித்து இரண்டு மணி நேரம் போல ஆனதும் களைக்கும். கண்ணைக் கசக்கும், கொட்டாவி விடும், பார்வை எங்கோ போகும். அதுதான் சமயம். அதைத் தவறவிட்டால் களைப்பு மிஞ்சி வீறிட்டு அழும்.

பால் கொடுத்து, துணி மாற்றி, அறையைச் சற்று இருட்டாக்குங்கள். ஜன்னலில் ஒரு கைலி தொங்கவிட்டாலே போதும். தினமும் ஒரே பாட்டைப் பாடுங்கள். கண் சொக்கும்போது, முழுதாகத் தூங்குமுன் படுக்கையில் கிடத்துங்கள். சிணுங்கினால் உடனே தூக்காமல் பக்கத்தில் அமர்ந்து நெஞ்சில் கை வைத்துத் தட்டிக்கொடுங்கள். வீறிட்டு அழுதால் தூக்கிச் சமாதானப்படுத்தி மறுபடி கிடத்துங்கள். அழ அழ விட்டுப் போகச் சொல்லவில்லை!

காலையில் வரும் முதல் தூக்கத்தில் மட்டும் தொடங்குங்கள். மற்ற நேரம் பழையபடி இருக்கட்டும். பல் முளைக்கும்போதும் காய்ச்சலின்போதும் நிறுத்திவையுங்கள். காய்ச்சலோடு பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, எழுப்பியும் சோர்ந்து கிடந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்கே கிடத்துவது?

மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும். சமமான, கெட்டியான மெத்தை வேண்டும். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். அமெரிக்க மருத்துவர்கள் 1992 முதல் குப்புறப் போடாதீர்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள். அதன்பின் அங்கே தூக்கத்தில் திடீரென இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. துணித் தொட்டிலில் குழந்தையின் உடல் வளைந்து, தாடை நெஞ்சில் படிந்து மூச்சு தடைபடலாம். உருளத் தொடங்கிய குழந்தை வெளியே விழவும் கூடும். தொட்டிலில் போட்டால் கண் பார்வையிலேயே வைத்திருங்கள். தூங்கியதும் மெத்தைக்கு மாற்றிவிடுங்கள்.

ஆங் மோ கியோ வீட்டில் என்ன நடந்தது? முதல் மூன்று நாளும் பலிக்கவில்லை. பாட்டி, "பாவம் புள்ள, தொட்டில்லயே போடு" என்றார். நாலாம் நாள் காலை பத்து நிமிடம் சிணுங்கிவிட்டுத் தூங்கினான். இரண்டாவது வாரம் காலைத் தூக்கம் படிந்தது. மாலைத் தூக்கத்துக்கு இன்னமும் தொட்டில்தான்! அதனால் என்ன? பாட்டியின் தோளுக்குப் பாதி ஓய்வு கிடைத்ததே!

சகோதரிகளே, ஒன்றைக் கவனியுங்கள். மலேசியாவில் 2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பு 98 நாள். அது முடிந்து நீங்கள் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு மூன்று மாதம்தான் இருக்கும். தானாகத் தூங்கப் பழகும் வயதல்ல அது. அந்தக் குழந்தைக்குத் தட்டிக்கொடுக்க ஒரு கை வேண்டும். எனவே பிள்ளை ஆயாவிடம் தூங்கவில்லை என்றால் தாயையும் குறை சொல்லாதீர்கள், ஆயாவையும் குறை சொல்லாதீர்கள். ஒரு ஆயாவுக்கு எத்தனை கைக்குழந்தை என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை அதிகமென்றால் அடுத்த கிளைக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்.