திண்டிவனம் - திருவண்ணாமலை ரயில் என்னாச்சு? 70 கி.மீ. பாதை ஏன் இன்னும் முடியல?

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் 16 வயது வெங்கடராமன் திருவண்ணாமலைக்குப் போக முடிவெடுத்து, பழைய அட்லஸ் ஒன்றைப் புரட்டினான். பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று அதில் இருந்தது. 2 ரூபாய் 13 அணாவுக்கு திண்டிவனம் டிக்கெட் எடுத்தாச்சு. விழுப்புரத்தில் மாறினால் திருவண்ணாமலைக்கே ரயில் உண்டு என்பதை, கூட வந்த மௌல்வி ஒருவர் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. புதிதாக வந்த விழுப்புரம் - காட்பாடி பாதை அந்த அட்லஸில் இல்லை! கொஞ்சம் ரயில், கொஞ்சம் நடை என்று செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலையில் இறங்கிய அந்தப் பையன்தான் ரமண மகரிஷி.

அந்த அட்லஸ் காட்டிய திண்டிவனம் வழியாக ரயில் விடலாம் என்று 2006-07-ல் ஒப்புதல் கிடைத்தது. செஞ்சி வழியாக சுமார் 70 கி.மீ. புதிய பாதை. திண்டிவனம் பக்கம் தொடங்கிய வேலை பாதியில் நின்றுபோனது.

ஹாலிவுட்டில் இதையே படமா எடுத்தாங்க

தந்திக் கம்பி, தண்டவாளம் போடும் கதை என்றால் ஹாலிவுட் கௌபாய் படங்களுக்கு அல்வா மாதிரி. ஃப்ரிட்ஸ் லாங் இயக்கிய 'வெஸ்டர்ன் யூனியன்' (1941), 1861-ல் அமெரிக்காவின் குறுக்கே தந்திக் கம்பி இழுத்த கதை. நிஜத்தில் அந்த வேலை சில மாதங்களில் முடிந்தது. ஜான் ஃபோர்டின் 'தி அயர்ன் ஹார்ஸ்' (1924), அடுத்து வந்த ரயில் பாதையின் கதை. 1863-ல் தொடங்கி 1869 மே 10-ல் இணைந்த அந்தப் பாதை சுமார் 2,850 கி.மீ. ஆறே வருஷம்!

உடனே 'பாருங்க, அவங்க எப்படி வேலை செஞ்சாங்க' என்று ஃபார்வர்டு போட்டுவிட வேண்டாம். அங்கே ரயில் கம்பெனிகளுக்கு அரசே நிலத்தை அள்ளிக் கொடுத்தது. அது பூர்வகுடி மக்கள் வாழ்ந்த நிலம். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மலையைக் குடைந்தது ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள்.

இங்கே சிக்கல் என்ன?

நிலம்தான். நாடாளுமன்றத்தில் ரயில்வே அமைச்சகம் கொடுத்த கணக்குப்படி, இந்தத் திட்டத்துக்கு 273 ஹெக்டேர் தேவை. கைக்கு வந்தது 33 ஹெக்டேர். அதாவது எட்டில் ஒரு பங்குகூட இல்லை. மாநில அரசு நிலத்தை எடுத்துக் கொடுத்தால்தான் வேலை நகரும் என்பது ரயில்வேயின் பதில்.

2013 நில எடுப்புச் சட்டப்படி இழப்பீடு, சந்தை மதிப்பைப் போல குறைந்தது இரண்டு மடங்கு. நிலம் கொடுக்கும் விவசாயிக்கு அது நியாயமான தொகை. ஆனால் தள்ளிப்போகிற ஒவ்வொரு வருஷமும் திட்டத்தின் செலவு ஏறுகிறது. செலவு ஏறினால் ஃபைல் இன்னும் மெதுவாக நகரும்.

வந்தால் யாருக்கு லாபம்?

முதலில் செஞ்சிக்கு. 2025-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த கோட்டை அங்கே இருக்கிறது, ஆனால் ஊருக்கு ரயிலே கிடையாது. அடுத்து பௌர்ணமி கிரிவலத்துக்குப் போகும் சென்னைக்காரர்கள். கடற்கரை - வேலூர் ரயில் 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. அப்போது டிக்கெட் 50 ரூபாய்தான். ஆனால் காட்பாடி சுற்றிப் போவதால் சுமார் 6 மணி நேரம் ஆகும். மாலை ஏறினால் நள்ளிரவில்தான் இறங்க முடியும்.

விழுப்புரம் வழியும் சுற்றுதான். நேர் வழி திண்டிவனம். அங்கே ரயிலை விட்டு இறங்கினால், திருவண்ணாமலைக்கு இப்போதைக்கு பஸ்தான்.