போனஸா, இல்லையா? ஒரு கபடி லைவ்வும் ரீப்ளே பட்டனும்

பொங்கல் முடிஞ்ச கையோட ஆண்டிமடம் பக்கத்து ஊர் ஒண்ணுல ராத்திரி கபடி. முந்திரிக்காட்டை ஒட்டின மைதானம், நாலு மூலையிலும் ஃபோகஸ் லைட்டு. நாங்க நாலு பேர் ஒரு லேப்டாப், ரெண்டு கேமராவோட யூடியூப் லைவ் பண்ணப் போயிருந்தோம். கடைசி நிமிஷத்துல ரைடர் போனஸ் கேட்டார், நடுவர் இல்லைன்னுட்டார். கூட்டம் மொத்தமும் எங்க மேசைப் பக்கம் திரும்பிச்சு. "தம்பி, அதைத் திருப்பிப் போடுப்பா!"

போட்டோம். கால் இருந்த இடத்துல புகை மாதிரி ஒரு கலங்கல்தான் தெரிஞ்சுது. ஏன்னு தேடினப்போ கத்துக்கிட்டது இது.

பஃபர்னா என்ன?

நாங்க பயன்படுத்தினது இலவச மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோ. அதுல இருக்கிற 'ரீப்ளே பஃபர்', டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்புல படிச்ச சர்குலர் க்யூ மாதிரிதான். புது வீடியோ உள்ளே வர வர, பழசு வெளியே போகும். ஒரு ரைடுக்கு 30 விநாடி. அதனால பஃபரையும் 30 விநாடி வெச்சோம். ஷார்ட்கட் கீயை அழுத்தினா, அந்த 30 விநாடி ஃபைலா சேவ் ஆகும்.

மெமரி தாங்குமா? 1920×1080 அளவுல ஒரு ஃப்ரேம், சுருக்காம வெச்சா சுமார் 6 எம்பி. விநாடிக்கு 30 ஃப்ரேம்னா 30 விநாடிக்கு 5 ஜிபிக்கு மேல. ஆனா பஃபர் வெச்சுக்கிறது என்கோட் பண்ணின வீடியோவை. 6 எம்பிபிஎஸ் வேகத்துல அது வெறும் 22.5 எம்பி.

இங்கதான் முதல் தப்பு. இந்த பஃபர்ல பதிவாகுறது லைவ்ல போன காட்சி மட்டும். கோட்டைப் பார்த்த ரெண்டாவது கேமரா அப்போ லைவ்ல இல்ல. அதனால அது பார்த்தது எங்கேயும் பதிவாகல. ஒவ்வொரு கேமராவுக்கும் தனி பஃபர் வேணும்னா ஓபிஎஸ்ல தனி ப்ளகின் போடணும், இல்ல வீமிக்ஸ் மாதிரி காசு கட்டுற மென்பொருளுக்குப் போகணும்.

பதிவாகாததை ஸ்லோ மோஷன் காட்டாது

ரைடரோட கால் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்துல போகுதுன்னு வெச்சுக்குவோம். ஷட்டர் 1/50 விநாடி திறந்திருந்தா, அதுக்குள்ள கால் 10 செ.மீ. நகர்ந்திடும். கபடிக் கோட்டோட அகலமே 3 முதல் 5 செ.மீ. தான்! அந்தப் புகை இதுதான். 1/500 வெச்சா கலங்கல் 1 செ.மீ. ஆயிடும், ஆனா வெளிச்சமும் பத்துல ஒரு பங்குதான் கிடைக்கும். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சில லைட்டுகள் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். வேகமான ஷட்டர்ல அது படத்துல பட்டை பட்டையா விழும். அதனால மேட்சுக்கு முன்னாடியே லைட்டைப் போட்டு டெஸ்ட் பண்ணிடணும்.

ஃப்ரேம் கணக்கும் இருக்கு. 30 ஃப்ரேம்ல எடுத்ததைப் பாதி வேகத்துல ஓட்டினா விநாடிக்கு 15 படம்தான். வெட்டி வெட்டி ஓடும். 60ல எடுக்கிறது நல்லது.

கேமரா எங்கே வைக்கணும்? போனஸுக்கு ஒரு கால் கோட்டைத் தாண்டணும், பின் கால் தரையை விட்டு மேல இருக்கணும். ரெண்டும் ஒரே படத்துல தெரியணும்னா, போனஸ் கோட்டுக்கு நேரா, பக்கவாட்டுல, தரையை ஒட்டி வைக்கணும். மூலையில நின்னு எடுத்தா, தாண்டாத காலும் தாண்டின மாதிரி தெரியும்.

எப்போ போடணும்?

1963 டிசம்பர் 7. அமெரிக்காவுல ராணுவ, கடற்படை அணிகளோட அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச். டோனி வெர்னாங்கிற இயக்குநர் லைவ்ல ரீப்ளே போட்டார். ராணுவ அணி மறுபடி ஸ்கோர் பண்ணலைன்னு வர்ணனையாளர் அப்பவே விளக்க வேண்டியிருந்துச்சு. 'ரீப்ளே'ன்னு மூலையில எழுதாம விட்டா இன்னிக்கும் அதே குழப்பம்தான். இன்னொண்ணு, கபடியில அடுத்த ரைடு உடனே வந்திடும். நாங்க ரீப்ளே ஓட்டின நேரத்துல விழுந்த அருமையான ஒரு பிடி லைவ்ல வரவே இல்ல. டைம் அவுட் வரைக்கும் பொறுத்திருக்கணும்.

1992ல டர்பன் டெஸ்ட்ல சச்சின், டிவி ரீப்ளே பார்த்து ரன் அவுட் கொடுக்கப்பட்ட முதல் பேட்ஸ்மேன் ஆனார். அங்க ரீப்ளே பார்த்தது மூணாவது நடுவர். எங்க மேட்ச்ல நடுவர் கையில ஸ்க்ரீன் கிடையாது, பார்த்தது கூட்டம். அந்தக் கலங்கலைக் காட்டி ரெண்டு ஊர்க்காரங்களும் தங்களுக்குத்தான் நியாயம்னு சண்டைக்கு நின்னாங்க.

அடுத்த வருஷமும் போறோம். சந்தேகமான ரைடுன்னா, நடுவர் கேட்டா அவருக்கு மட்டும் முதல்ல காட்டுவோம். கால் தெளிவா தெரியலைன்னா, 'தெரியலைங்க ஐயா'ன்னு சொல்லிடுவோம்.