பகலில் காய்ந்த வயிறு, இரவில் நிற்காத கை

பிஸ்கட் பக்கட்டைப் பிரித்தால் கடைசித் துண்டு வரை போகாமல் வைக்க முடிவதில்லை. மிக்சர் பையைக் கையில் எடுத்தால் அடியில் கிடக்கும் தூளையும் தட்டித் தின்ற பிறகுதான் எழும்ப முடிகிறது. தின்று முடித்ததும் வயிறு கனக்கிறது, மனம் அதைவிடக் கனக்கிறது. இந்தப் பழக்கம் உள்ளவர்களை வீட்டாரே வாய் அடங்காதவர்கள் என்று ஏசுகிறார்கள். ஏச்சு விழ விழ அவர்கள் ஒளித்துத் தின்னப் பழகுகிறார்கள். இலங்கை மலையகத்தின் லிந்துலை போன்ற தோட்டப்புறங்களை மனதில் வைத்து இங்கே சொல்ல வருவது ஒன்றுதான்: இரவில் கட்டுக்கடங்காமல் தின்பது, பெரும்பாலும், பகலில் சரியாகச் சாப்பிடாததன் விளைவு. பரிகாரத்தையும் பகலிலேயே தொடங்க வேண்டும். நாக்கைக் கட்டு என்ற உபதேசத்தால் இது குணமாவதில்லை. சில வேளை கூடவும் செய்யும்.

அக்கரப்பத்தனை, ஹோல்புரூக், நாகசேனை என்று லிந்துலையைச் சுற்றியுள்ள எந்தத் தோட்டத்திலும் கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணின் நாளை எடுத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, கோதுமை மாவில் ரொட்டி தட்டி, பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் கட்டிக் கொடுத்துவிட்டு, சீனி தூக்கலாகப் போட்ட தேத்தண்ணியோடு மலைக்குப் போகிறார். நிறை குறைந்தால் அரைநாள் சம்பளமான அரைப்பேர் விழும் என்ற பயத்தில் இடையில் உட்கார மனம் வருவதில்லை. பகல் நிறுவை முடிந்து சாப்பிடுவதும் ரொட்டியும் சம்பலும்தான், அதுவும் அவசரத்தில். மாலையில் திரும்பினால் தண்ணீர், விறகு, சமையல். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிடுவது வழக்கம். நாள் முழுக்கப் பசியை அடக்கியது தேத்தண்ணியும் அதிலுள்ள சீனியும்தான். பருப்போ முட்டையோ கடலையோ வயிற்றில் தங்கவில்லை. இரவு எட்டு மணிக்கு, வீடு அடங்கிய பிறகு, உடம்பு கணக்குக் கேட்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு வெறும் வயிற்றில் கூடுகிறது. தூக்கம் குறைந்தால் இன்னும் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. அந்த நேரத்தில் கை போவது கீரைக்கல்ல. வேகமாகச் சக்தி தரும் சீனிக்கும் எண்ணெய்க்கும்தான் போகும்.

இது ஊகமல்ல. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனையில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், உடலும் மனமும் ஆரோக்கியமான 36 இளைஞர்களைத் தெரிந்தெடுத்து, அவர்களின் சம்மதத்துடன் ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். போரில் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களை எப்படி மீட்பது என்று அறிவதே நோக்கம். அவர்கள் உடல் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்தார்கள். எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். நாம் கவனிக்க வேண்டியது அதன் பிறகு நடந்தது. கட்டுப்பாடு நீங்கியதும் பலர் வயிறு முட்டத் தின்றும் பசி தீரவில்லை என்றார்கள். வயிற்றில் இடமில்லாதபோதும் நிறுத்த முடியவில்லை என்றார்கள். சிலருக்கு அது மாதக்கணக்கில் நீடித்தது. அவர்கள் யாரும் முன்பு வாயடக்கம் இல்லாதவர்கள் அல்ல. பட்டினிதான் அவர்களை அப்படி ஆக்கியது. 2017இல் வெளியான இன்னோர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. டெக்சஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரில் இலவச உணவு மையங்களுக்கு வரும் ஏழைகளைக் கரோலின் பெக்கரும் சகாக்களும் ஆராய்ந்தார்கள். வீட்டில் உணவுத் தட்டுப்பாடு எவ்வளவு கடுமையோ, அவ்வளவுக்குக் கட்டுமீறித் தின்பதும் அவர்களிடம் அதிகமாக இருந்தது. அளவுமீறித் தின்பது வசதி படைத்தவர்களின் நோய் என்ற எண்ணத்தை இனி விட்டுவிடலாம்.

பசி ஒரு பாதி என்றால், மறுபாதி பக்கட்டுக்குள் இருக்கிறது. 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் நடத்திய சோதனையில் 20 பேர் ஒரு மாதம் ஆய்வுக்கூடத்திலேயே தங்கினார்கள். இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல் உணவு. பரிமாறப்பட்ட சக்தி, சீனி, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு கிடைத்த வாரங்களில் அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இன்னும் வேகமாகவும் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ எடை ஏறியது. மென்மையாக, மொறுமொறுப்பாக, மெல்ல வேலையில்லாமல் கரையும் பண்டம், வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போகுமுன் உள்ளே போய்விடுகிறது. தோட்டத்துச் சில்லறைக் கடையில் கண்மட்டத்தில் சரஞ்சரமாகத் தொங்குவது இந்தப் பண்டம்தான். சம்பளத்தன்று கழித்துக்கொள்ளும் கடன் கொப்பியில் எழுதி வாங்கக்கூடியதும் அதுதான். பகல் முழுக்கக் காய்ந்த வயிற்றின் முன்னால் அதை வைத்துவிட்டு, ஆளைக் குறை சொல்வது நியாயமில்லை.

இந்த இடத்தில் வாங்குபவருக்கு ஓர் உரிமை இருக்கிறது; பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. இலங்கையில் 2016 ஓகஸ்ட் முதல் இனிப்புப் பானங்களின் போத்தலிலும், 2019 முதல் திண்ம, அரைத்திண்ம உணவுகளின் பக்கட்டிலும் நிறக் குறியீடு இடுவது சட்டம். பிஸ்கட் பக்கட்டைத் திருப்பிப் பாருங்கள்: சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்கள் இருக்கும். 100 கிராமில் சீனி 22 கிராமையும், கொழுப்பு 17.5 கிராமையும், உப்பு 1.25 கிராமையும் தாண்டினால் சிவப்பு. எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்பதுதான் இதன் பெறுமதி. ஆனால் பானத்தில் ஒரு பொறி உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால்தான் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள். 9 கிராம் உள்ள பானம் மஞ்சளோடு தப்பிவிடும். அதையே 400 மில்லிலீற்றர் போத்தலாகக் குடித்தால் உள்ளே போவது 36 கிராம், அதாவது ஒன்பது தேக்கரண்டி. சேர்க்கப்படும் சீனி நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவை அந்த ஒரு போத்தலே தாண்டிவிடுகிறது. மஞ்சள் என்பது எவ்வளவும் குடிக்கலாம் என்ற அனுமதி அல்ல. கண்ணாடிப் போத்தலிலிருந்து அள்ளித் தாளில் சுற்றித் தரும் முறுக்குக்கும் பகோடாவுக்கும் நிறமே கிடையாது. அங்கே நம் கண்ணும் மூக்கும்தான் பரிசோதகர். காலாவதியான பண்டத்தையோ, அச்சிட்ட விலைக்கு மேலோ விற்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். கெட்ட எண்ணெய், சுத்தமின்மை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் எது விற்கலாம், எது கூடாது என்பதற்குக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. பெற்றோர் அதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேட்க வேண்டும்.

மலையேறி இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு, தின்றது வேர்வையில் போய்விடுமே என்று சிலர் கேட்பார்கள். மெலிந்த உடம்பைப் பார்த்து ஏமாறக்கூடாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்துறையில் அது 31.7 வீதம். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் போதிய போசாக்கு இல்லாமல் வளர்ந்த உடம்பு, பிற்காலத்தில் சீனியையும் கொழுப்பையும் தாங்குவது குறைவு. நீரிழிவும் இரத்த அழுத்தமும் வரும் வாய்ப்பு கூட. அதனால் ஒரே லயக்காம்பராவில் வளர்ச்சி குன்றிய பிள்ளையும் சீனி வியாதிக்கார அம்மாவும் இருப்பதில் முரண் எதுவும் இல்லை. ஒரே குறையின் இரண்டு முகங்கள் அவை. இதோடு சேர்த்து ஒன்று: பச்சரிசி, சாம்பல், மண், ஐஸ்கட்டி என்று எதையாவது மென்றுகொண்டே இருக்கத் தோன்றினால் அது கெட்ட பழக்கம் என்று அதட்ட வேண்டாம். இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம், முக்கியமாகக் கர்ப்பிணிகளிடம். கிளினிக்கில் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது.

பகலில் ஒழுங்காகச் சாப்பிடப் பணத்துக்கும் நேரத்துக்கும் எங்கே போவது என்ற கேள்விதான் கனமானது. 2022 பொருளாதார நெருக்கடியின் தொடக்கத்தில் தோட்டக் குடும்பங்களுக்கு மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபாய்க்குத் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. நிவாரணமாக அறிவிக்கப்பட்டதும் மாதான், பருப்போ முட்டையோ அல்ல. எனவே முழுப் பொறுப்பையும் தொழிலாளியின் தலையில் போடுவது தவறு. மலையில் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம், குடிதண்ணீர், அரைப்பேர் பயமில்லாத இடைவேளை ஆகியவை தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்துப் பேச வேண்டிய விஷயங்கள். ஆனால் அதுவரை எதுவும் செய்ய முடியாது என்றும் இல்லை. நாளொன்றுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிறு உணவு, மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு வெறுமையாக இல்லாமல் பார்த்துக்கொள்வது: கட்டுமீறித் தின்பவர்களுக்கான சிகிச்சையில் ஒக்ஸ்பர்டின் கிறிஸ்டோபர் பெயர்பேர்ன் முதல் வைத்த அடித்தளம் இதுதான். லிந்துலையில் இதன் உருவம் எளிது. முந்தின இரவே ஊறப்போட்டு அவித்த கடலை, கௌப்பி அல்லது பாசிப்பயறு ஒரு கைப்பிடி, சிறு டப்பாவில் மலைக்குப் போக வேண்டும். பத்து மணித் தேத்தண்ணியோடு பாதி, மாலை மலை இறங்குமுன் பாதி. ரொட்டிக்குச் சம்பல் மட்டும் என்பதை வாரத்தில் சில நாளாவது பருப்பாகவோ நெத்தலியாகவோ மாற்றலாம். இரவில் பக்கட்டுக்குப் போகும் காசைக் கடன் கொப்பியில் ஒரு மாதம் தனியாகக் கூட்டிப் பார்த்தால், கடலைக்கான காசு அதற்குள்ளேயே இருப்பது பல வீடுகளில் தெரியவரும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் சாப்பாட்டு நேரத்தை மாற்றுமுன் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

அடுத்த நாள் பட்டினி கிடந்தால் சரியாகிவிடும் என்பது மிகப் பரவலான வைத்தியம். மிக மோசமான வைத்தியமும் அதுவே. நேற்று அதிகம் தின்ற குற்றவுணர்ச்சியில் இன்று காலையையும் பகலையும் விட்டால், இன்றிரவு அதே கதை இன்னும் பலமாக நடக்கும். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறோமே, அது கெடுதலா என்று கேட்கலாம். நம்பிக்கையோடு, முன்கூட்டியே தீர்மானித்து, உரிய நேரத்தில் முடிக்கும் விரதம் வேறு. தின்றதற்குத் தண்டனையாக வயிற்றைக் காயப்போடுவது வேறு. ஆனாலும் கட்டுமீறித் தின்னும் தொல்லை உள்ளவர்கள், அது அடங்கும்வரை விரதத்தையும் தள்ளிவைப்பதே பாதுகாப்பு. மனவுறுதிக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. பசி தீர்ந்த பிறகும் வரும் ஆசையைச் சமாளிக்க அது போதும். அந்த ஆசை ஏறிக்கொண்டே போவதில்லை. உச்சத்துக்கு வந்து, பெரும்பாலும் அரை மணிக்குள் தானே இறங்கும். அதுவரை பல் துலக்கலாம், பக்கத்து வீட்டில் போய்ப் பேசலாம். தின்னத்தான் வேண்டும் என்றால் பக்கட்டோடு உட்காராமல் ஒரு தட்டில் கொட்டி, மீதியைக் கட்டி வைத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து தின்னலாம். அழுத பிள்ளைக்கு டொபி, பரீட்சையில் தேறினால் சோடா என்று பழக்குவதை வீட்டார் நிறுத்தினால், கவலை வந்தால் தின்பது என்ற பாடம் அடுத்த தலைமுறைக்குப் போகாது.

இத்தனைக்குப் பிறகும் அடங்காவிட்டால், அது சிகிச்சை வேண்டிய நோயாக இருக்கலாம். குறுகிய நேரத்தில் வழக்கத்தைவிட மிக அதிகமாகத் தின்பது, நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு, பசியில்லாமலும் தின்பது, வெட்கத்தில் தனியாகத் தின்பது, பிறகு தன்மேல் அருவருப்பு. இது வாரம் ஒரு தடவையாவது, மூன்று மாதமாக நடந்தால், 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு தனி நோயாக ஏற்றுக்கொண்ட நிலை அது. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் உளச் சிகிச்சைக்கு இது நன்றாகக் கட்டுப்படும். தின்றதை வாந்தியெடுத்து வெளியேற்றுவதோ, பேதி மாத்திரை போடுவதோ இருந்தால் தாமதிக்கவே கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே பாதிக்கப்படலாம். ஸ்டீரோய்ட் மாத்திரைகளும், மனநோய்க்கான சில மருந்துகளும் பசியைக் கூட்டும். அப்படியிருந்தால் மருந்தைத் தானாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்தவரிடமே சொல்ல வேண்டும். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். லிந்துலை வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தேவைப்பட்டால் நுவரெலியாவிலுள்ள மனநல கிளினிக்குக்குக் கடிதம் கேட்கலாம். தமிழில் பேசிச் சேவை பெறும் உரிமையை அரசியலமைப்பே தருகிறது. நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. நேரில் சொல்ல வெட்கமாயிருந்தால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழைக்கலாம். வைத்தியரிடம் போகும்போது ஒரு வாரக் குறிப்பு கையில் இருந்தால் போதும்: எந்த நாள், எத்தனை மணிக்கு, அதற்கு முன் கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, வாந்தி எடுத்ததுண்டா, என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று. எழுத வராதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதித் தரும்.