இருவர் பெயரில் வீடு... ஒருவர் போனால் யாருக்கு?

பர் துபாய் மீனா பஜார் டீக்கடையில் போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: “அண்ணே, எனக்கு ஏதாவது ஆயிட்டா வீடு அவளுக்குத்தானே?”

இருவரும் ஒன்பது வருடமாக ஒன்றாக வாழ்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்டர்நேஷனல் சிட்டியில் இருவர் பெயரிலும் ஒரு பிளாட். தவணையில் பாதி அந்தப் பெண்ணின் சம்பளம்.

“இல்லை தம்பி” என்றேன்.

கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்வது 2020 நவம்பர் முதல் இங்கே குற்றமில்லை. நம்மூரில் குஷ்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010லேயே அதைச் சொல்லிவிட்டது. ஆனால், குற்றமில்லை என்பது வேறு. வாரிசுரிமை உண்டு என்பது வேறு.

பத்திரத்தில் இரண்டு பெயர் இருந்தாலும், துபாயில் இறந்தவரின் பங்கு தானாக மற்றவருக்குப் போகாது, வாரிசுகளுக்கே போகும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயில் இல்லையென்றால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள். அவர்கள் இல்லையென்றால் பெற்றோர், உடன்பிறந்தோர். நம்மூர் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைக் கேட்டாலும் நண்பரின் பங்கு அம்மாவுக்குத்தான். ஊரில் இருக்கும் அந்த அம்மாவுக்கு இந்தப் பெண்ணைப் பற்றியே தெரியாது!

வரி? இங்கே வாரிசு வரி கிடையாது. இந்தியாவிலும் 1985இல் ஒழித்துவிட்டார்கள். ஆனால், உயிரோடு இருக்கும்போதே தானமாக எழுதிக் கொடுத்தால், மனைவிக்கு 0.125 சதவீதம்தான் கட்டணம். இந்த உறவுக்கு அந்தச் சலுகை இல்லை, முழு 4 சதவீதம். வாங்குபவர் ஊர் திரும்பி இந்திய வருமான வரிக்குள் வந்த பிறகு என்றால், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட தானத்துக்கு வரியும் உண்டு. கொடுப்பவர் ‘உறவினர்’ பட்டியலில் இல்லையே! உயில் வழியே வந்தால் அந்த வரி இல்லை.

ஆக, வழி உயில்தான். முஸ்லிம் அல்லாதவர்கள் துபாய் நீதிமன்றத்திலோ, துபாய் சர்வதேச நிதி மையத்தில் 2015 முதல் இயங்கும் உயில் பதிவகத்திலோ பதியலாம். முஸ்லிம்கள் வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரைதான் எழுத முடியும்.

உயில் என்றாலே ‘சாவைப் பத்தி ஏன் பேசணும்’ என்று தள்ளிப்போடுகிறோம். ஊருக்குப் போக மூன்று மாதம் முன்பே டிக்கெட் போடும் நாம்தான்!

எல்லாம் கேட்ட நண்பர் எழுந்துகொண்டே சொன்னார்: “அப்போ அவளும் ஒண்ணு எழுதணும்ல?”

ஆமாம் தம்பி. இரண்டு பேரும்.